22 ஹிட்ல 14 ஓரத்துக் குழியிலயே வருது, இத நம்பலாமா?

லிந்துல_பயோ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மாஸ்டர்ஸ் ப்ரொஜெக்ட்ல ஒரு எடத்துல மாட்டிகிட்டேன், ஆட்டோமேட்டிக் மைக்ரோஸ்கோப் வச்சு மருந்து ஸ்கிரீனிங் பண்ணவங்க யாராச்சும் இருந்தா பாத்து சொல்லுங்க.

விஷயம் லீஷ்மேனியா, மணல் ஈ கடிச்சு பரவுற ஒரு பரசைட். இந்தியாவுல உள்ளுறுப்ப தாக்குற அதே லீஷ்மேனியா டொனோவானிதான் நம்ம இலங்கைல தோல்ல புண்ணா வருது. மேக்ரோஃபேஜ் (கிருமிய முழுங்குற வெள்ளணு) செல்லுக்குள்ள பரசைட்ட ஏத்தி, 384 குழி பிளேட்ல குழிக்கு ஒன்னுனு 352 காம்பவுண்ட் போட்டு, மூணு நாள் கழிச்சு சாயம் ஏத்தி, மெஷின் தானாவே ஒவ்வொரு குழிக்கா போயி ஃபோகஸ் பண்ணி படம் எடுத்துருக்கு. கை வேலை எல்லாம் வெளிநாட்டு லெப் ஒன்னுல நடந்துச்சு, எனக்கு ஹார்ட் டிரைவ் மட்டும்தான் வந்துச்சு. குழிக்கு 9 இடம், 3 கலர், ரெண்டு பிளேட், ஆக 20,736 படம், 190 ஜிபிக்கு மேல. 23வது நெடுக்கு வரிசை வெறும் டிஎம்எஸ்ஓ (காம்பவுண்ட கரைக்கிற திரவம், மருந்து இல்லாத கண்ட்ரோல்), 24வது நெடுக்கு வரிசை ஆம்போடெரிசின் பி (லீஷ்மேனியாவ கொல்றதுனு தெரிஞ்ச மருந்து, இன்னொரு கண்ட்ரோல்).

குழிக்கு எத்தன பரசைட் புள்ளினு செல்ப்ரொஃபைலர்ங்குற படம் எண்ணுற சாஃப்ட்வேர்ல எண்ணி, டிஎம்எஸ்ஓ குழிய விட பாதிக்கும் கீழ போனத ஹிட்னு எடுத்தேன். 22 வந்துச்சு. பிளேட் படத்துல கலர் போட்டு பாத்தா 14 ஓரத்துல நிக்குது. ப்ரொஜெக்ட பாக்குற சேர் இந்த மாசம் முடியுறதுக்குள்ள லிஸ்ட் கேக்குறாரு.

இன்னொன்னும் சொல்லணும். நடுவுல இருக்க எட்டுல ஒன்னு ஈஜிசிஜி, அதாவது தேயிலைல இருக்க கேட்டச்சின். எங்கம்மா 26 வருஷமா கொழுந்து எடுக்குறாங்க. அந்தப் பேர லிஸ்ட்ல பாத்தப்ப கொஞ்ச நேரம் கையே ஓடல. அது நெசமா ஹிட்தானானு தெரிஞ்சுக்கணும்.

லெப்_அக்கா_கண்டி எழுதியது:

தங்கச்சி, மொதல்ல கணக்க பாருங்க. காம்பவுண்ட் இருக்க 352 குழில ஓரத்துல நிக்கிறது 58. மருந்து வேல செஞ்சுதான் ஹிட் வருதுனா 22ல மூணு நாலுதான் ஓரத்துல விழணும். 14 விழுந்துருக்குன்னா அது மருந்து பேசுறது இல்ல, பிளேட் பேசுறது.

ஓரத்துக் குழில தண்ணி சீக்கிரம் ஆவியாகும், செல்லு வளர்ற மீடியம் கெட்டியாகும், உப்பும் மருந்தும் கூடிப்போகும், செல்லு வாடும். அதோட இன்கியுபேட்டர்ல வச்ச ஒடனே ஓரம் மொதல்ல சூடாகுறதால செல்லெல்லாம் குழிச் சுவத்தோரம் ஒதுங்கிரும், கெமரா நடுவுல பாத்தா ஆளே இருக்காது. நீங்க மொத்தப் புள்ளிய எண்ணிருக்கீங்க, மேக்ரோஃபேஜ் கொறஞ்சா புள்ளியும் கொறையும்ல. ஒரு மேக்ரோஃபேஜுக்கு எத்தன பரசைட்னு மாத்துங்க, ஷீட்ல பக்கத்து கட்டத்துல எத்தன மேக்ரோஃபேஜ் மிச்சம்னும் வச்சுக்குங்க, ஏன்னா செல்லையே கொல்ற வெஷமும் புள்ளிய கொறைக்கத்தான் செய்யும். ரெண்டையும் ஒரே படத்துல பாக்கலாம்னுதானே மைக்ரோஸ்கோப்ப வச்சு ஸ்கிரீன் பண்றோம், வெறும் ஒரு நம்பர் போதும்னா பிளேட் ரீடரே போதுமே.

உங்க டிஎம்எஸ்ஓ 16 குழில 14 உள்பக்கம் இருக்கு, அதனால ஓரத்துல நடக்குறது அதுக்கு தெரியவே தெரியாது. இப்ப பிளேட்ட மாத்த முடியாது, அதனால நெடுக்கு, குறுக்கு வரிசை ரெண்டுலயும் மீடியன் கழிச்சு பி ஸ்கோர் போட்டு பாருங்க, பிளேட்ல இடத்தால வர்ற ஏத்த இறக்கத்த எடுக்குற கணக்கு அது. அடுத்த தடவ ஓரத்துல வெறும் மீடியம் ஊத்தச் சொல்லுங்க, கண்ட்ரோல பிளேட் பூரா பரப்பச் சொல்லுங்க, செல்லு போட்டதும் அர மணி நேரமாச்சும் ரூம் சூட்டுல வச்சுட்டு அப்பறம் இன்கியுபேட்டருக்கு ஏத்தச் சொல்லுங்க.

இசட் பிரைம், அதாவது ரெண்டு கண்ட்ரோலும் எவ்ளோ தெளிவா பிரியுதுனு காட்டுற நம்பர், எவ்ளோ? ரெண்டு கண்ட்ரோலோட எஸ்டியையும் (நம்பர் எவ்ளோ சிதறுதுங்குற அளவு) கூட்டி மூணால பெருக்கி, சராசரி ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்து, அத ஒன்னுல இருந்து கழிக்கிறது. 1999ல இருந்து எல்லாரும் அததான் பாக்குறாங்க, 0.5க்கு மேல இருந்தா நல்ல அசே, அதாவது நம்பக்கூடிய சோதனை.

லிந்துல_பயோ எழுதியது:

அக்கா ரொம்ப நன்றி. இசட் பிரைம் ஒரு பிளேட்ல 0.52, இன்னொன்னுல 0.38. செல்லு வாரியா மாத்தி பி ஸ்கோரும் போட்டேன், 22 இப்ப 9 ஆகிருச்சு. ஆனா அந்த 9லயும் மூணு ஒரே மூலைல பக்கத்து பக்கத்துல இருக்கு.

பண்டாரவளை_ராத்திரி எழுதியது:

மூலைன்னா ஃபோகஸ பாருங்க. பிளேட்டோட அடி கண்ணுக்கு தெரியாத அளவு வளைஞ்சிருக்கும், லேசர் ஆட்டோஃபோகஸ் அடிய புடிச்சு அதுல இருந்து இவ்ளோ மேலனு கணக்கு வச்சு எடுக்கும், மூலைல அந்த கணக்கு தப்பும். லீஷ்மேனியா உள்ள இருக்கப்ப ரெண்டுல இருந்து நாலு மைக்ரோன்தான், கொஞ்சம் ஃபோகஸ் போனாலும் மொதல்ல காணாமப் போறது அந்தப் புள்ளிதான், மேக்ரோஃபேஜோட பெரிய நியூக்ளியஸ் மங்கலாவாச்சும் நிக்கும், சாஃப்ட்வேர் அத எண்ணிட்டு செல்லு நல்லாருக்கு பரசைட் இல்லனு எழுதி வச்சிரும். நம்பர்ல பாத்தா அருமையான ஹிட் மாதிரியே இருக்கும். செல்ப்ரொஃபைலர்ல மெஷர் இமேஜ் குவாலிட்டினு ஒரு மொடியூல் இருக்கு, அதுல மங்கல் படத்த பிரிக்கலாம். அதுக்கும் முன்னாடி அந்த மூணு குழியோட ஒரிஜினல் படத்த தொறந்து பாருங்க, கலர் கோடு போட்ட அவுட்புட்ட இல்ல.

சில காம்பவுண்ட் தானாவே நீலமா மினுங்கும், அதையும் அப்பவே பாத்துரலாம், படம் பூரா பின்னால ஒரே வெளிச்சமா இருக்கும், புள்ளி அதுக்குள்ள மறைஞ்சிரும்.

ஸ்டோர்_மாமா எழுதியது:

எனக்கு இந்த மருந்து விஷயம் தெரியாது மகள், தேயிலை பெக்டரில கலர் சோர்ட்டர் மெஷின்ல நிக்கிறவன். அதுவும் கெமராதான், விழுற தூள ஒவ்வொன்னா படம் புடிச்சு காம்ப காத்தடிச்சு தள்ளும். மெஷின் சரியா ஓடுதானு ஸ்கிரீன்ல மட்டும் பாத்து நாங்க விடமாட்டோம், தள்ளினதுல ஒரு கை, தள்ளாததுல ஒரு கை அள்ளி வெள்ளத் தட்டுல கொட்டி வெளிச்சத்துல பாப்போம். தள்ளாததையும் பாக்கணும், அத நெறைய பேர் விட்டுருவாங்க. நீங்களும் ஹிட் ஆகாத குழில ஒரு இருவத எடுத்து, எது எதுனு பேர மறைச்சு, வேற யாரையாவது கண்ணால எண்ணச் சொல்லுங்க.

லெப்_அக்கா_கண்டி எழுதியது:

மாமா சொன்னது நூத்துக்கு நூறு சரி, கட்டாயம் செய்ங்க.

ஈஜிசிஜி பத்தி சொல்லாம விட்டேன், எழுத மனசு வரல. கல்ச்சர் மீடியத்துல அது தானாவே ஆக்சிஜனோட சேந்து ஒடஞ்சு ஹைட்ரஜன் பெரொக்சைட்ட உண்டாக்கும். பரசைட்ட கொன்னது ஈஜிசிஜியா பெரொக்சைட்டானு உங்க படத்துல தெரியாது. எந்த அசேல போட்டாலும் ஹிட் குடுக்குற பொருள்கள பெயின்ஸ்னு சொல்லுவாங்க, 2010ல பேலும் ஹோலோவேயும் எழுதின கட்டுரைல இருந்து வந்த பேரு. கேட்டகோல் மாதிரி அமைப்பு உள்ளதெல்லாம் அதுல மாட்டும், ஈஜிசிஜியும் அந்தப் பக்கம்தான். சோதிக்கிறது லேசு, அதே குழில கெட்டலேஸ் என்சைம் சேருங்க, அது பெரொக்சைட்ட ஒடச்சிரும். அப்பறம் பரசைட் பொழச்சுகிட்டா கொன்னது பெரொக்சைட். பொழைக்கலனா மேல போகலாம்.

அதுக்காக மனசு விட்டுறாதீங்க. மலேரியாவுக்கு கொயினா எடுக்க சிங்கோனாவ நட்டுப் பாக்கத்தான் 1861ல ஹக்கல தோட்டத்தயே தொடங்கினாங்க. நம்ம மலைல இருந்து மருந்து வரக்கூடாதுனு ஒன்னும் இல்ல, ஆனா இது அதுதானானு கேட்டுட்டுதான் சொல்லணும்.

லிந்துல_பயோ எழுதியது:

நேத்து ராத்திரி கெம்பஸ் கம்பியூட்டர்ல ஒக்காந்து 9 குழியோட ஒரிஜினல் படத்தையும் ஒவ்வொன்னா தொறந்து பாத்தேன். அந்த மூலைக் குழி மூணும் ஃபோகஸ் போனதுதான். ஒவ்வொரு செல்லும் நுவரெலியா பனில தெரியுற லைட் மாதிரி பெரிய வட்டமா இருக்கு, உள்ள ஒன்னுமே இல்ல. டிஎம்எஸ்ஓ குழிய தொறந்தா பரசைட் ஒவ்வொன்னும் தெளிவா இருக்கு, புள்ளி பக்கத்துல இன்னும் ஒரு குட்டிப் புள்ளி, அதுதான் கைனெட்டோபிளாஸ்ட் (இந்த பரசைட்டோட மைட்டோகொண்ட்ரியா டிஎன்ஏ)னு பாத்ததும் தெரிஞ்சிருச்சு. இன்னொன்னு பின்னால பூரா நீலமா மினுங்குது, அதையும் எடுத்துட்டேன். மிச்சம் 5, அதுல ஈஜிசிஜியும் ஒன்னு. அந்தப் படத்துல மேக்ரோஃபேஜ் நல்லாதான் இருக்கு, எண்ணிக்கையும் கொறையல.

மாமா சொன்ன மாதிரி இருவது குழிய பேர் மறைச்சு ரூம்ல இருக்க தோழிகிட்ட குடுத்துருக்கேன், எண்ணிகிட்டு இருக்கா. சேருக்கு 22 பேரும், எது எதுனால விழுந்துச்சுனும் ஒரே ஷீட்ல எழுதி அனுப்பிட்டேன், ஈஜிசிஜிக்கு நேரா கெட்டலேஸ் பாக்கணும்னு போட்டேன். அந்த லெப்புக்கும் மெயில் போட்டு, 5 காம்பவுண்டையும் உள் குழில வச்சு, கெட்டலேஸ் சேத்தும் சேக்காமலும் திரும்ப ஓட்ட முடியுமானு கேட்டுருக்கேன். பதில் வந்தா இங்கயே எழுதுறேன்.