பாதியில் நிற்கும் 1958 மொறிஸ் மைனர்: நேரமும் மனமும் எங்கிருந்து எடுப்பது?

கண்டாவளையான்

வணக்கம். நான் கேட்பது எஞ்சின் கோளாறு பற்றிய கேள்வி அல்ல. ஆனாலும் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது விளங்கும்.

என்னிடம் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 இருக்கிறது. நான்கு கதவு, 948 சீசீ எஞ்சின். அப்பா கிளிநொச்சியில் வாங்கிய கார். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தை காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தப் புகை மணம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஒவ்வொரு வைகாசியும் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அதில்தான் போவோம்.

2003இல், ஏ9 வீதி திறந்திருந்த காலத்தில், கலியாணம் ஒன்றுக்காக வவுனியா போனோம். வழியில் ரேடியேற்றர் ஒழுகி, எஞ்சின் கொதித்து, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியிலுள்ள கஸ்கெற் எரிந்துவிட்டது. காரை மாமா வீட்டுக் கொட்டிலில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். அந்தப் பழுதால்தான் கார் தப்பியது. எங்கள் வளவில் நின்ற உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் 2009க்குப் பிறகு எங்கே போயின என்றே தெரியாது.

2018இல் காரை லொறியில் ஏற்றி வந்து, அப்பாவும் நானும் வேலையைத் தொடங்கினோம். ஹெட்டைக் கழற்றினோம். இடதுபக்கக் கதவடித் தகரம் கறள் பிடித்துப் போயிருந்ததால் அதை வெட்டி எடுத்தோம். 2021இல் அப்பா காலமானார். அடுத்த ஆண்டு எரிபொருள் வரிசையிலேயே கழிந்தது. அதற்குப் பிறகு நான் காரில் கை வைக்கவில்லை. பழைய ரயில் சிலிப்பர் கட்டைகளின் மேல், தறப்பாளுக்குள் நிற்கிறது. பின்பக்கத்தில் கோழி முட்டையிடுகிறது.

காலையில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன், பின்னேரம் மூன்று ஏக்கர் வயல். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே மிஞ்சுகிறது. அன்றைக்கும் எதை எங்கே விட்டேன் என்று தேடவே ஒரு மணித்தியாலம் போகிறது. உண்மையைச் சொன்னால் நேரம் மட்டும் காரணமில்லை. வால்வுகளை அரைத்து முடித்த அப்பா, முதிரைப் பலகையில் எட்டுத் துளை போட்டு, எண் எழுதி, வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறார். எண்கள் அவருடைய கையெழுத்தில் இருக்கின்றன. அந்தப் பலகையை எடுத்துப் பார்க்கிறேன், திரும்ப வைத்துவிட்டுக் கொட்டிலைப் பூட்டுகிறேன்.

இதைத் தொடரலாமா, விற்றுவிடலாமா? முடித்தவர்கள் எப்படி முடித்தீர்கள்?

ஓமந்தைப் பட்டறை

தம்பி, நாற்பது வருடமாக இந்த எஞ்சின்களோடு இருக்கிறேன். பாதியில் நின்றுபோன கார்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். நிற்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. அளவுக்கு மீறிப் பிரித்துப் போடுவதுதான். இன்றிலிருந்து எதையும் புதிதாகக் கழற்ற வேண்டாம்.

காரை முதலில் எஞ்சின் ஓடி, பிறேக் பிடித்து, வளவுக்குள் பத்து யார் தூரம் நகரும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். பெயின்ற், சீற், குரோமியம் எல்லாம் பிறகு. ஒரு தடவை அது தன் காலில் நகர்ந்துவிட்டால், அடுத்த ஞாயிறு உங்களை யாரும் கொட்டிலுக்குத் தள்ளத் தேவையில்லை.

மூன்று விஷயம் சொல்லுங்கள். பிஸ்டன் அசைகிறதா? இடதுபக்கக் கதவு சரியாகப் பூட்டுகிறதா? பதிவுப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது?

பூநகரி வயற்காரன்

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். என்னிடம் ஒஸ்ரின் ஏ40 சமர்செற் இருந்தது. 1200 சீசீ, 1953ஆம் ஆண்டு. ஆறு வருடம் கொட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு மாரிக்கும் கறள் ஒரு சாண் ஏறியது. கடைசியில் குருநாகலில் ஒருவருக்குக் கொடுத்தேன். அவர் அதை ஓடவைத்துப் படம் அனுப்பினார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பாவின் கார் என்றால் அது ஓட வேண்டும். யார் கையில் ஓடுகிறது என்பது இரண்டாவது. உங்களுக்கு ஒரு தவணை வையுங்கள். அடுத்த மாரி தொடங்கும்போது எஞ்சின் ஓடவில்லை என்றால், ஓடவைக்கக்கூடிய ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

முள்ளியவளைத் தையற்காரி

நான் கார் திருத்துபவள் அல்ல. என் அண்ணாவின் மைனருக்கு சீற் தைத்தவள். அண்ணாவும் உங்களைப் போல ஞாயிற்றுக்கிழமைக்காகவே காத்திருந்தவர். செத்த வீடு, கலியாணம், வயல் என்று ஞாயிறு எப்போதும் யாருடையதாகவோ ஆகிவிடும். அண்ணி ஒரு பழக்கம் கொண்டுவந்தார். விளக்கு வைத்த பிறகு அரை மணித்தியாலம், வாரத்தில் நான்கு நாள். எழுந்து வரும்போது அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை கார்க் கண்ணாடியில் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டு வர வேண்டும். "முன் வலது சில்லு, இரண்டாவது போல்ற், எண்ணெய் விட்டாயிற்று" என்ற அளவில். மறுநாள் தேடுகிற வேலை இல்லை.

வேலையைக் காலம் பார்த்துப் பிரித்துச் செய்யுங்கள் தம்பி. மழை மாதங்களில் தகர வேலைக்குப் போகாதீர்கள். அப்போது டைனமோ, வைப்பர் மோட்டார், கதவுப் பூட்டு என்று மேசையில் வைத்துச் செய்யக்கூடியதை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். பெயின்ற் என்றால் அறுவடை முடிந்து மாசி, பங்குனி. சோளகக் காற்று தொடங்கினால் புழுதி முழுக்க ஈரப் பெயின்றில் ஒட்டிவிடும். அண்ணாவின் கூரையில் இன்னும் அது தெரிகிறது.

சீற்றுக்கு அவசரப்பட வேண்டாம். ஆனால் பழைய உறையை எறிந்துவிடாதீர்கள். தையலைப் பிரித்தால் அதுவே வெட்டுமாதிரி.

அந்தப் பலகையைத் தனியாக இருந்து பார்க்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கண்டாவளையான்

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அண்ணாவுக்குப் பதில்: பிஸ்டன் அசையவில்லை. கதவு முதலில் பூட்டியது. இப்போது பின் ஓரத்தில் இடிக்கிறது. புத்தகம் அப்பாவின் பெயரில், பத்திரமாக இருக்கிறது. பன்னிரண்டு வயது மகள் ஒருத்தி இருக்கிறாள்.

இந்தச் சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எங்கள் பங்குக்கு இல்லை. அதனால் புரட்டாதி வரை பின்னேரங்கள் கையில் இருக்கின்றன.

ரொறன்ரோ வன்னியன்

அண்ணா, தொடங்கியதுதான் தொடங்கினீர்கள், கடைசி நட்டு வரை பிரித்து, உடலை மணல் வீசிச் சுத்தம் செய்து, புதுக் கார் போலச் செய்யுங்கள். மைனருக்குப் பாகம் கிடைக்காது என்ற பயம் வேண்டாம். பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் இது. இங்கிலாந்தில் இன்னும் புதுப் பாகங்கள் விற்கிறார்கள். 1990களில் நம் நாட்டின் தெற்கிலேயே மைனருக்கான தகரப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிறேக் ரப்பர்களை நான் அனுப்புகிறேன், அளவு சொல்லுங்கள்.

ஓமந்தைப் பட்டறை

ரொறன்ரோத் தம்பியின் மனம் பெரியது, ரப்பரை அனுப்பட்டும். ஆனால் கடைசி நட்டு வரை பிரிக்கிற பேச்சு இந்தக் காருக்கு வேண்டாம். அந்த வழியில் போனவர்களின் கார்கள்தான் என் பட்டறைக்குச் சாக்கு மூட்டையில் வருகின்றன.

கண்டாவளைத் தம்பி, கதவு இடிப்பது நல்ல அறிகுறி அல்ல. மைனருக்குத் தனி அடிச்சட்டம் (சசி) கிடையாது, உடலே அடிச்சட்டம். கதவடித் தகரத்தை வெட்டிவிட்டு நடுவில் கட்டை வைத்து நிறுத்தினால் உடல் வளையும். இன்றைக்கே கட்டைகளை மாற்றி, பாரம் முன் சஸ்பென்ஷனிலும் பின் அச்சிலும் இறங்கும்படி வையுங்கள். கதவு ஒழுங்காகப் பூட்டும் வரை பொறுத்து, கதவு வாசலுக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையைப் போல்ற் போட்டு இறுக்கிய பிறகுதான் ஒட்டு (வெல்டிங்) வேலை. இடது முடியும் வரை வலதைத் தொடக் கூடாது.

பிஸ்டனுக்கு: நான்கு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் எண்ணெயும் சரிபாதி கலந்து விட்டு ஒரு வாரம் விடுங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள். பிறகு எஞ்சினைக் கையால் சுற்றும் முன்பக்க ஹான்டிலைப் போட்டு மெதுவாக இரு பக்கமும் அசையுங்கள். எஞ்சினின் அடித்தட்டான சம்பிலுள்ள பழைய எண்ணெயை வடித்துவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினில் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எண்ணெயை நீர்த்துப் போகச் செய்யும்.

பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தகரத்துக்குக் கீழே இருக்கிறது. அதன் போல்ற்றை உருவ விடாமல் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பியான டோர்ஷன் பார் மறிக்கும். ஒரு நாள் முழுக்கத் திட்டுவீர்கள், திட்டுங்கள். திரும்பப் பூட்டும்போது போல்ற்றை எதிர்ப்பக்கத்தால் போட்டால் அடுத்த தடவை சுகமாக வரும். பற்றரி கொடுக்கும் முன் பாருங்கள்: இந்தக் காரில் உடலோடு சேர்வது நேர் முனை.

புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றும் அலுவலையும் இப்போதே தொடங்குங்கள். கார் முடிந்து புத்தகம் முடியாமல் நின்றால் அந்தக் கவலை வேறு.

கண்டாவளையான்

(ஐந்து வாரம் கழித்து)

எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். கட்டைகளை மாற்றிய மூன்றாம் நாள் கதவு பூட்டியது. பட்டை போட்டாயிற்று. பரந்தனில் ஒட்டு வேலை செய்யும் ஒருவர் அடுத்த வாரம் வருகிறார்.

சுண்ணக்கட்டி வேலை மகளுக்கு. ஒவ்வொரு இரவும் அவள்தான் கண்ணாடியில் எழுதுகிறாள். பலகையைக் காட்டியபோது "ஏழில் மட்டும் ஏன் கோடு போட்டிருக்கிறார்?" என்று கேட்டாள். அப்பா ஏழை அப்படித்தான் எழுதுவார், நடுவில் சின்னக் கோட்டோடு. இத்தனை வருடம் பார்த்தும் நான் அதைக் கவனிக்கவில்லை.

டீசல் கலவை எட்டு நாள் கிடந்தது. ஒன்பதாம் நாள் ஹான்டிலை நான் அழுத்த, அவள் மேலே நின்று பார்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஈரச் சாக்கை இழுப்பது போல ஒரு சத்தம். "அப்பா, ஓரத்து இரண்டும் ஏறுகின்றன, நடு இரண்டும் இறங்குகின்றன" என்று கத்தினாள். இருவரும் அங்கேயே மண்ணில் இருந்துவிட்டோம். அன்றைக்கு அரை மணித்தியாலம் மூன்று மணித்தியாலமாகியது.

வால்வுகளை எண்படி பூட்டினோம். புது கஸ்கெற் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தது. ஹெட்டை 40 இறாத்தல்-அடிக்கு இறுக்கினேன். இப்போது தப்பெற் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையே விட வேண்டிய சிறு இடைவெளி. எந்த வால்வை எப்போது சரிசெய்வது என்பதில் குழம்பி நிற்கிறேன். பூநகரி அண்ணா, உங்கள் தவணைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

பூநகரி வயற்காரன்

தவணை கிடக்கட்டும் தம்பி. ஸ்டார்ட் செய்யும் நாளைச் சொல்லுங்கள், வருகிறேன்.

ஓமந்தைப் பட்டறை

இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு. கணக்கு ஆசிரியருக்குச் சுலபமான வழி ஒன்பது. முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். எட்டாவது வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது ஒன்றைச் சரிசெய்யுங்கள். ஆறு திறந்தால் மூன்று, நான்கு திறந்தால் ஐந்து, ஏழு திறந்தால் இரண்டு. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. அப்பாவின் பலகை எண்களே போதும்.

பிள்ளை ஹான்டிலைச் சுற்ற ஆசைப்பட்டால், பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். பிளக்கைப் பூட்டிய பிறகு எஞ்சின் திருப்பி உதைத்தால் பெருவிரல்தான் முறியும்.

கண்டாவளையான்

எட்டும் முடிந்தது அண்ணா. ஏழு திறந்தபோது இரண்டை அவளே இறுக்கினாள். இன்றைக்குக் கண்ணாடியில் எழுதியிருப்பது: "நாளை பெற்றோல் தாங்கி கழுவ வேண்டும். கோழிக்கு வேறு இடம்."