நான்கு துளையும் பொருந்தியது, நட்டு பொருந்தவில்லை

என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு ஹூண்டாய் ஆக்சென்ட். இரும்பு வீல்கள் துருப்பிடித்துப் பார்க்கச் சகிக்காமல் போனதால், சென்னை புதுப்பேட்டையில் பழைய அலாய் தேடினேன். ஒரு கடையில் ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய 14 அங்குல வீல்கள் நான்கு கிடைத்தன. "நாலு ஓட்டை எல்லாம் ஒண்ணுதான் சார், கண்ணை மூடிக்கிட்டு மாட்டலாம்" என்றார் கடைக்காரர்.

நான் கண்ணை மூடவில்லை. எதிரெதிர்த் துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்தேன்: 100 மி.மீ. ஆக்சென்டுக்கும் பி.சி.டி. (துளைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்) 4×100 தான், அதாவது நான்கு துளை, 100 மி.மீ. பின்புறம் பொறித்திருந்த ஆஃப்செட் (வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் பதியும் முகம் வரை உள்ள தூரம்) 45 மி.மீ., என் இரும்பு வீலுக்கு மிக நெருக்கம். உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்ததில் ஒரு வீலில் பெயின்ட்டுக்கு அடியில் மேடு தட்டியது. நகத்தால் சுரண்டினேன், வெல்டிங் தழும்பு. அதை மாற்றித் தரச் சொன்னேன். முணுமுணுத்தபடியே வேறொன்று கொடுத்தார். டயர் கணக்கும் சரி: பழைய டயர் 175/70 ஆர்13 சுமார் 575 மி.மீ. உயரம், புதிதாகப் போட்ட 185/60 ஆர்14 சுமார் 578. ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது.

இவ்வளவு பார்த்தவன் கோட்டை விட்ட இடங்கள் இரண்டு.

முதலாவது, நடுத்துளை. சிட்டி வீலில் 56.1 மி.மீ., ஆக்சென்ட் ஹப்பில் (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பகுதி) 54.1. வீல் சுலபமாக உள்ளே போனதும் மகிழ்ந்துவிட்டேன். 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியபோதுதான் புரிந்தது, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்ததால் வீல் மையத்தில் உட்காரவே இல்லை என்று. இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் நான்கு வாங்கிப் போட்டதும் நடுக்கம் நின்றது.

இரண்டாவதுதான் நெஞ்சைப் பதற வைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டியதும் முன்பக்கம் இடதுபுறம் "டிக், டிக்" என்று சத்தம். கல் சிக்கியிருக்கும் என்று இறங்கிப் பார்த்தேன். ஒரு நட்டு விரலாலேயே சுழன்றது. முந்தின நாள்தான் அத்தனையையும் முறுக்கியிருந்தார்கள். நட்டைக் கழற்றி வீலின் குழியைப் பார்த்தால், தலைமுடி அகலத்துக்கு ஒரு பளபளப்பான வளையம் மட்டும் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் தொடாமலே கிடந்தது. ஹோண்டாவின் ஒரிஜினல் வீலில் நட்டு உட்காரும் குழி கிண்ணம் போல் உருண்டையானது. ஹூண்டாய் நட்டின் முகமோ புனல் போல் கூம்பானது. இரண்டும் ஒரு கோட்டில் மட்டுமே தொடும், எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. நல்ல வேளையாக மரை இரண்டுக்கும் 12×1.5 (12 மி.மீ. விட்டம், புரிகளுக்கு இடையே 1.5 மி.மீ.). ஆகவே ஹோண்டா நட்டுகளையே தேடி வாங்கி, 10 கிலோகிராம்-மீட்டர் டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கி, 50 கி.மீ. ஓட்டியபின் மறுபடி சரிபார்த்தேன். அதன்பிறகு சத்தம் இல்லை.

மறுமொழி, மதுரையிலிருந்து

உங்களுக்கு மரை ஒத்துப்போனது அதிர்ஷ்டம் அண்ணா. என் சான்ட்ரோவுக்கு மாருதி ஸ்விஃப்ட் வீல் வாங்கினேன். பி.சி.டி. ஒன்று, நடுத்துளை ஒன்று, எல்லாம் அச்சில் வார்த்தது போல. விற்றவர் நட்டுகளையும் இலவசமாகக் கொடுத்தார். அந்த இலவசம்தான் வினை. மாருதியின் மரை 12×1.25. கையால் ஒன்றரைச் சுற்றுப் போய் நின்றது. டயர் கடைப் பையன் காற்றுத் துப்பாக்கியை வைத்து ஒரே அழுத்து அழுத்தினான். மூன்று ஸ்டட்களின் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும், நட்டு மாட்டும் திருகுக் கம்பிகள்) மரை மழுங்கிப் போனது. ஹப்பைக் கழற்றி ஸ்டட் மாற்றிய கூலியில் இன்னொரு வீலே வாங்கியிருக்கலாம். நட்டு கையாலேயே ஐந்தாறு சுற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால் கருவியைத் தொடவே கூடாது.

மறுமொழி, கோவையிலிருந்து

ஃபியட் பாலியோ வைத்திருப்பவன் நான், என் புலம்பலையும் கேளுங்கள். பாலியோவின் பி.சி.டி. 4×98. சந்தையில் கிடைப்பதெல்லாம் 100. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று மெக்கானிக் சொன்னார். வெளிச்சந்தை அலாய்களில் பல வண்டிகளுக்கும் சேர்த்து நடுத்துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள், அதனால் தடுக்க எதுவும் இல்லை, வீல் உள்ளே போய்விடும். பாலியோவில் ஸ்டட் கிடையாது, போல்ட் தான். முதல் போல்ட் நேராகப் போனது. எதிரே இருந்தது சாய்ந்து நின்றது, தலை ஒரு பக்கம் மட்டும் அமர்ந்து மறுபக்கம் இடைவெளி தெரிந்தது. முறுக்கினால் நிமிர்ந்துவிடும் என்றார். நான் வீலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 98 கிடைக்கும் வரை ஐந்து மாதம் காத்திருந்தேன்.

ஆக்சென்ட் அண்ணாவுக்கு ஒரு கேள்வி: உங்கள் ஸ்டெப்னி என்ன வீல்?

முதலில் எழுதியவர்

நல்ல கேள்வி, நான் தாமதமாகத்தான் யோசித்தேன். ஸ்டெப்னி பழைய ஹூண்டாய் இரும்பு வீல்தான். அதற்குக் கூம்பு நட்டுதான் வேண்டும், ஹோண்டா நட்டைப் போட்டால் அதே கதை தலைகீழாக நடக்கும். பழைய நட்டுகளில் நான்கைத் துணிப்பையில் கட்டி ஜாக்கியோடு வைத்திருக்கிறேன். பையின் மேல் "ஸ்டெப்னிக்கு மட்டும்" என்று என் மனைவி மார்க்கரால் எழுதியிருக்கிறாள். பஞ்சர் ஆகும் நாளில் வண்டியை ஓட்டுவது அவளாகவும் இருக்கலாம்.