புதுச் சப்பாத்து

குழு: கொக்குவில் வீடு

சின்னவன்: (படம்) சப்பாத்து வந்துவிட்டது. அடுத்த வெள்ளி இரவு பஸ். கண்டி ஹந்தானையிலிருந்து, மலையகத் தேயிலைத் தோட்டங்களூடாகப் போகும் பீக்கோ பாதையில் நாலு நாள் நடை.

பெரியக்கா: அது 300 கிலோமீற்றருக்கு மேலல்லவா?

சின்னவன்: முழுதும் 22 பகுதி. நாங்கள் முதல் நாலுதான்.

மாமா: புதுச் சப்பாத்தோடா? செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தபோது முல்லைத்தீவு வரவே எனக்குக் கால் கொப்பளித்துவிட்டது. செருப்பு வாருக்குள் போன மணல் செய்த வேலை. பிறகு வெறுங்கால்தான்.

சித்தி: இப்போதுதான் ஆஸ்பத்திரி வார்ட்டால் வந்தேன். அப்பன், சப்பாத்துக்குள் போட என்ன மேஸ் கொண்டு போகிறாய்?

சின்னவன்: பள்ளிக்கூட வெள்ளை மேஸ்தான் சித்தி.

சித்தி: அதை வீட்டில் விடு. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். ஊறின தோலைச் சப்பாத்து இழுத்து இழுத்து உரச, உள்ளே படை பிரிந்து நீர் கட்டும். அதுதான் கொப்புளம். கம்பளியோ பொலியெஸ்டரோ கலந்தது வாங்கு. உள்ளே மெல்லியது ஒன்று, மேலே தடித்தது ஒன்று. இரண்டு மேஸும் தங்களுக்குள் உரசட்டும்.

பெரியக்கா: சப்பாத்து இறுகாதா?

சித்தி: இரண்டையும் போட்டுப் பின்னேரம் அளவு பார். அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் போய் முட்டும். நகமும் வெட்டு.

மாமா: இன்று முதல் தினமும் நல்லூருக்கு நடந்து போய் வா. பைக்குள் 5 கிலோ அரிசி போடு.

அம்மா: அரிசி திரும்பி வர வேண்டும்.

சித்தி: இன்னொன்று. கொப்புளம் வர முன் அந்த இடம் சுடும். அப்போதே நின்று, காலைத் துடைத்து பிளாஸ்டர் ஒட்டு. கூட வருபவர்கள் சிரிப்பார்கள் என்று நடந்தாயோ, முடிந்தது. வந்துவிட்டால் தோலை உரிக்காதே. புண்ணுக்கு அதுதான் மூடி.

மாமா: நாங்கள் ஊசியால் நூல் கோர்த்து விட்டோமே?

சித்தி: ஐயோ அண்ணா! நூல் வழியாகக் கிருமி போகும். அதுவும் சீனி வருத்தத்தோடு!

மாமா: சரி சரி.

(மாலை 5.40)

சின்னவன்: நல்லூரடியில் நிற்கிறேன். இடது குதி சுடுகிறது.

சித்தி: கழற்று. பிளாஸ்டர் எங்கே?

சின்னவன்: வீட்டில், மேசையில்.

மாமா: அங்கேயே இரு, சைக்கிளில் கொண்டு வருகிறேன். ஐஸ்கிறீம் கடைக்குள் போய்விடாதே.

சின்னவன்: உள்ளேதான் இருக்கிறேன் மாமா.

அம்மா: அரிசி?