மலையில் இருந்துகொண்டே கடல் நீச்சலுக்குத் தயாராவது: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி:

கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிளும் ஓட்டமும் எனக்குக் கவலை இல்லை. மேட்டுப்பாளையம் வரை இறங்கித் திரும்பி ஏறிப் பழகிய கால்கள் சமதளத்தைப் பார்த்துக்கொள்ளும். நீச்சல்தான் உறுத்துகிறது. வார இறுதியில் கோயம்புத்தூர் போய் 25 மீட்டர் குளத்தில் பயிற்சி செய்கிறேன். இரண்டு கிலோமீட்டர் நிற்காமல் போய்விடுகிறேன். ஆனால் கடல் என்றால், சிறுவயதில் ராமேசுவரத்தில் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் முழுக்குப் போட்டதோடு சரி. காணொளிகள் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. நம் மலையிலிருந்து இறங்கிப் போய்க் கடலில் நீந்தியவர்கள், அங்கே உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

குன்னூர்:

தம்பி, நான் மலேசியாவின் லங்காவியில், உங்கள் 70.3-ஐப் போல இரு மடங்கான முழுத் தூர அயர்ன்மேன் முடித்தவன். அங்கே நீச்சல் மட்டும் 3.8 கிலோமீட்டர். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஹவாயில் வைக்கீக்கி கடலில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு நீச்சல் போட்டியின் தூரம் அது. அதோடு சைக்கிளையும் மாரத்தானையும் ஒட்டவைத்து 1978-இல் முதல் அயர்ன்மேனை நடத்தினார்கள். 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். ஆக, கடல் இந்தப் பந்தயத்தில் பிறகு சேர்த்த அலங்காரம் அல்ல. அங்கிருந்துதான் பந்தயமே தொடங்கியது.

உங்கள் இரண்டு கிலோமீட்டரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 25 மீட்டர் குளத்தில் அது 80 நீளம். 79 முறை சுவரை உதைத்துச் சறுக்குகிறீர்கள். ஒவ்வோர் உதையும் நாலைந்து மீட்டரை இனாமாகத் தருகிறது; தோளுக்கும் கணநேர ஓய்வு. அதையெல்லாம் கழித்தால் உண்மையில் கை வீசி நீந்திய தூரம் 1.7 கிலோமீட்டரைத் தாண்டாது. கடலில் அந்த இனாம் கிடையாது. நான் செய்தது இதுதான்: சுவருக்கு இரண்டு மூன்று மீட்டர் இருக்கும்போதே, எதையும் தொடாமல், உதைக்காமல், நீரிலேயே திரும்பிவிடுவது. பக்கத்துத் தடத்தில் நீந்துபவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஒவ்வொரு முறையும் நின்றுபோன உடலை மறுபடி நகர்த்த வேண்டியிருக்கும். அந்தச் சலிப்புத்தான் கடல் நீச்சலின் சலிப்பு.

அடுத்தது திசை. குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கிறது. கடலுக்கு அடியில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில், குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருபது வீச்சு நீந்திப் பாருங்கள். எந்தப் பக்கம் கயிற்றில் போய் இடிக்கிறீர்களோ, கடலிலும் அந்தப் பக்கம்தான் விலகிப் போவீர்கள். நான் இடப்பக்கம். வலப்பக்கம் மட்டுமே மூச்சு எடுத்துக்கொண்டிருந்ததால் வந்த வினை. இரு பக்கமும் மூச்சு எடுக்கப் பழகிய பிறகுதான் ஓரளவு நேரானது.

கோழிக்கோட்டுக்கு வடக்கே காப்பாடு பக்கம் முதன்முதலாக ஆழத்துக்குப் போனபோது, தலையைத் தூக்கிப் பார்த்தால் கரை இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர்தான் இருந்தது. அலையின் பள்ளத்தில் இருக்கையில் தலையைத் தூக்கினால் எதிரே பச்சை நிறத்தில் ஒரு மேடு. அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. இன்னும் உயரமாகத் தூக்கினால் இடுப்பு அமிழ்ந்து கால் கீழே போய்விடுகிறது. உடன் வந்த மீனவர் படகிலிருந்து கத்தினார்: அலை உன்னைத் தூக்கும்போது பார், நீயாகத் தூக்கிக்கொண்டு பார்க்காதே என்று. அதன் பிறகு உடம்பு மேலெழும் நேரத்துக்குக் காத்திருந்து, கண் மட்டும் நீருக்கு மேல் வரும்படி பார்த்துவிட்டு, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு எடுத்தேன். முன்னால் பார்க்கும்போதே மூச்சையும் இழுத்தால் வாய் நிறைய உப்புநீர்தான். இன்னொன்று: பந்தயத்தில் போடும் மிதவை சின்னது, அலையில் மறைந்து மறைந்து தெரியும். அதற்கு நேர் பின்னால் உயரமாக ஏதாவது ஒன்றை, தென்னையோ கோபுரமோ கட்டடமோ, இறங்கும் முன்பே கரையில் நின்று குறித்துக்கொள்ளுங்கள்.

உதகை:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மலைக்காரர்களை எது வீழ்த்தும் என்று யாரும் சொல்லவில்லை. நாம் குளிரில் வளர்ந்தவர்கள், நுரையீரல் பெரியது, கடல்மட்டத்துக்குப் போனால் பறக்கலாம் என்று ஒரு பெருமை நம்மிடம் உண்டு. பாதி உண்மைதான். உதகை 2240 மீட்டர் உயரம். இங்கே நுரையீரலுக்குள் வரும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. கீழே இறங்கியதும் மூச்சு தாராளமாகத்தான் இருக்கும். ஆனால் வெப்பம்? நம் பக்கத்துக் கடல் ஆண்டின் பெரும்பகுதி 28, 29 டிகிரி. அதில் ஒரு மணி நேரம் கடுமையாக உழைத்தால் உடம்பின் சூடு போக வழியே இல்லை. எனக்கு விடுப்பு கிடைக்காமல் பந்தயத்துக்கு முந்தைய இரவுதான் ஊர் போய்ச் சேர்ந்தேன். நீரில் இருக்கும்போதே காது மடல் சுட்டது. முகம் கொதித்தது. கரையேறிச் சைக்கிளைத் தொடும்போதே பாதித் தெம்பு போய்விட்டது.

வெட்சூட், அதாவது நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை, வாங்கலாமா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: கோவாவுக்கு வேண்டாம். அயர்ன்மேன் விதியில், நீர் 24.5 டிகிரிக்குள் இருந்தால்தான் தாராளமாக அனுமதி. அதற்கு மேல் 28.8 வரை போட்டுக்கொண்டு நீந்தலாம், ஆனால் பரிசுப் பட்டியலில் பெயர் வராது. 28.8-ஐத் தாண்டினால் அறவே தடை. போட முடிந்தாலும் வெந்துபோவீர்கள்.

வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். அத்தனை நாள் கீழே போய் உட்கார யாருக்கு வசதி இருக்கிறது? நான் அடுத்த முறை மலையிலேயே செய்தேன். ஓடிவிட்டு வந்த கையோடு, உடம்பு ஆறும் முன்பு, வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அரை மணி நேரம். எங்கள் வீட்டில் பின்கட்டில் இன்னும் விறகு பாய்லர் இருக்கிறது, அதனால் வெந்நீருக்குப் பஞ்சமில்லை. வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்; எழும்போது மெதுவாக எழுங்கள், தலை சுற்றும். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, ஊரெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகையில் இவர் மட்டும் வேகிறார் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பலன் இருந்தது. வியர்வை சீக்கிரம் வரத் தொடங்கியது. அடுத்த பந்தயத்தில் முகம் கொதிக்கவில்லை.

கூடலூர்:

நமக்குக் கிட்டத்துக் கடல் கோழிக்கோடுதான். நாடுகாணி இறங்கினால் நிலம்பூர் வழியாகப் போய்விடலாம். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கடலில் இறங்க நினைக்கவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் குழம்பிக் கிடக்கும். கோவாப் பந்தயம் அக்டோபர், நவம்பர் வாக்கில் வருவதால், பயிற்சிக்கான மாதங்களும் அவையேதான். அந்தச் சமயத்தில் கிழக்கே போங்கள்.

கோத்தகிரி:

எமரால்டு, அவலாஞ்சி பக்கம் இவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே, அங்கே நீந்த முடியாதா அண்ணா?

குன்னூர்:

கூடவே கூடாது. அவை மின்வாரிய அணைகள், இறங்க அனுமதி கிடையாது. அனுமதி ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் குளிரில் சட்டென்று விழுந்தால் மூச்சு தானாகவே வெடுக்கென்று உள்ளே இழுக்கும். அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. அதிலும் குளிர்நீர்ப் பயிற்சி கோவாவுக்கு எந்தவிதத்திலும் உதவாது.

கொடைக்கானல்:

கிழக்கே போகச் சொன்னவருக்கு நன்றி. நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் ஏரியைச் சுற்றி நடக்கலாம், ஓடலாம், படகு விடலாம், நீந்த முடியாது. ஆகவே வத்தலக்குண்டு இறங்கி, மதுரை, ராமநாதபுரம் வழியாக மண்டபம். அங்கே நிலம் ஒடுங்கி இரண்டு பக்கமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தெற்கை ஆண் கடல் என்றும் வடக்கைப் பெண் கடல் என்றும் அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குப் பக்கம் அடித்துக்கொண்டு கிடக்கும்போது வடக்குப் பக்கம் அடங்கி இருக்கும். வடகிழக்குப் பருவத்தில் நேர்மாறு. கோவாவுக்குப் பயிற்சி எடுக்கும் மாதங்களுக்குப் பெண் கடல் சரியாக ஒத்து வருகிறது. 1994-இல் 12 வயதுக் குற்றாலீஸ்வரன் நீந்திக் கடந்த பாக் நீரிணை இதை ஒட்டியதுதான் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் இறங்கினேன். அவர் கடந்தது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு. நான் நீந்தியது கரையை ஒட்டி.

அடங்கிய கடல் என்றால் அசையாத கடல் இல்லை. துணைக்கு வள்ளம் ஓட்டிவந்த பெரியவர், நான் இறங்கும் முன்பு நங்கூரம் போட்டிருந்த படகுகளைக் காட்டினார். எல்லாம் ஒரே திசையில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. நங்கூரக் கயிறு விறைத்து நின்ற பக்கத்தைக் காட்டி, நீவாடு (கடல் நீரோட்டம்) அங்கிருந்து வருகிறது, முதலில் அதை எதிர்த்துப் போ, களைத்த பிறகு அதோடு திரும்பி வா என்றார். இடுப்பில் மிதவைப் பையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். எதிர்த்துப் போகும்போது கீழே கடல்பாசித் திட்டு ஒன்று தெரிந்தது. பத்து வீச்சுக்குப் பிறகும் அதே திட்டு. இன்னும் பத்து, அது மெல்லப் பின்னால் நகர்ந்தது. திரும்பி வரும்போது அதே திட்டு ஒரே மூச்சில் கடந்து போயிற்று. பந்தயத்தில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்த்துப் பதறக்கூடாது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

சொறிமீனிடமும் (ஜெல்லி மீன்) கொட்டு வாங்கினேன். முன்கையில் மூன்று சிவப்புக் கோடுகள், மிளகாய் அரைத்துத் தடவிய எரிச்சல். தேய்க்கப்போன கையைப் பெரியவர் தட்டிவிட்டார். நல்ல தண்ணீரும் ஊற்றக்கூடாது. மிச்சமிருக்கும் கொட்டும் இழைகள் கிளறிக்கொள்ளும். கடல்நீரால் அலசி, ஒட்டியிருந்த இழையை எடுத்துவிட்டு, கரைக்கு வந்ததும் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் இருபது நிமிடம் கையை வைத்திருந்தேன். வலி இறங்கியது. மூச்சுத் திணறலோ மார்பு இறுக்கமோ வந்தால் இதையெல்லாம் செய்துகொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. முழுக்கை நீச்சலுடை போட்டுக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் சொறிமீனுக்கும் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் சேர்த்து ஒரே மருந்து. கழுத்து, அக்குள், தோள்பட்டை விளிம்பு எல்லா இடத்திலும் வாசலின் தாராளமாகத் தடவுங்கள். குளத்தில் உரசாத தையல் உப்புநீரில் தோலை அறுக்கும். அது இரவு குளிக்கும்போதுதான் தெரியும். நான் கரையேறியபோது ஒரு பாட்டி கேட்டார்: “என்னம்மா, வேண்டுதலா?” ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதற்கு அது சுலபம்.

தாண்டிக்குடி:

கூட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது பல பந்தயங்களில் சிலர் சிலராக, சில நொடி இடைவெளியில்தான் விடுகிறார்கள். இருந்தாலும் முதல் மிதவையில் எல்லாரும் ஒன்றாகத் திரும்புவார்கள். அங்கே என் முகத்தில் ஒரு குதிகால் பட்டது, கண்ணாடி கழன்றது. அப்போதிலிருந்து கண்ணாடியின் பட்டையை இரண்டு தொப்பிகளுக்கு நடுவே மாட்டுகிறேன். பயிற்சிக்கு, நண்பர்கள் நாலைந்து பேர் ஒரே தடத்தில் நெருக்கியடித்து நீந்திப் பழகுங்கள்.

மூச்சு முட்டினால், பாதுகாப்புக்கு நிற்கும் கயாக் படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்க விதி இடம் கொடுக்கிறது. அதைப் பிடித்து முன்னால் நகரக்கூடாது, அவ்வளவுதான். இது தெரியாமல் தகுதி போய்விடும் என்று பயந்து தத்தளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் முட்டுவது மூச்சு வெளியே போகாததால். நீருக்குள் முழுவதும் ஊதி விட்டுவிட்டால் உள்ளே வருவது தானாக வரும். ஆனால் எல்லா மூச்சுத் திணறலையும் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு நிலை உண்டு; இருமலோடு நுரை வந்தால் உடனே கையைத் தூக்க வேண்டும். இந்தப் பந்தயங்களில் நேரும் உயிரிழப்புகளில் பெரும்பங்கு நீச்சலில்தான். நாற்பதைத் தாண்டியவர்கள் பணம் கட்டும் முன்பு இதயத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது.

கோத்தகிரி:

1.9 கிலோமீட்டருக்கு 1 மணி 10 நிமிடம் தருகிறார்கள். குளத்துக் கணக்கில் எனக்கு நிறையவே மிச்சம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். சுவர், நீவாடு, வளைந்து போவது எல்லாம் கழித்தால் அவ்வளவு மிச்சம் இல்லை போலிருக்கிறது. ஆகஸ்டில் மண்டபம் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அக்கா, அந்தப் பெரியவரின் வள்ளம் கிடைக்குமா?

கொடைக்கானல்:

கிடைக்கும் தம்பி. முந்தைய நாள் மாலையே நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். அதிகாலையில் அவர் வலைக்குப் போய்விட்டால் ஆள் கிடைக்கமாட்டார். கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். கரையில் உடை மாற்ற இடம் இல்லை, வேட்டியோ பெரிய துண்டோ கையோடு கொண்டுவாருங்கள்.

உதகை:

நானும் வருகிறேன். வண்டியில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, கோத்தகிரி வழியாகவே இறங்குகிறேன்.