மூக்கில் சதை வளர்ச்சி: அறுவை செய்தால் மீண்டும் வளருமா?

கேள்வி (காசிமேடு):
இரு துவாரங்களையும் பாலிப் எனப்படும் சதை அடைத்திருப்பதால் பல ஆண்டுகளாக வாயால் மூச்சுவிட்டே உறங்குகிறேன். விடியற்காலையில் நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வாசனையும் தெரிவதில்லை; மீன் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு, வஞ்சிரம் புதியதா என்பதைச் செவுளைப் பிரித்துப் பார்த்தே சொல்ல முடிகிறது. எரிவாயு கசிந்தாலும் தெரியாது என்பதே பெரிய அச்சம். அறுவை செய்தாலும் மீண்டும் வளரும் என்கிறார்களே, உண்மையா?

மறுமொழி (தண்டையார்பேட்டை):
வளரலாம், ஐயா. மூக்கினுள் கேமராக் குழாயை விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப் அறுவை அடைப்பை நீக்குமே தவிர, சதையை வளர்க்கும் அழற்சியை வேரறுக்காது. எனவே அதன் பிறகும் ஸ்டீராய்டு ஸ்பிரேயையும் உப்புநீர்க் கழுவலையும் நான் விடவில்லை. ஸ்பிரேயை மூக்கின் நடுச்சுவரில் படாமல், வலக் கையால் இடத் துவாரத்திலும் இடக் கையால் வலத் துவாரத்திலும் வெளிப்புறமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். மருந்துக் கடையில் இதை யாரும் சொல்வதில்லை. கழுவுவதற்குக் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். லாரித் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். சமையலறையில் எரிவாயுக் கசிவு அலாரம் ஒன்றை மாட்டிவிடுங்கள்.

மறுமொழி (எண்ணூர்):
உங்களுக்கு ஆஸ்துமா உண்டா? ஆஸ்துமாவும் மூக்குச் சதையும் சேர்ந்திருக்கும் சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கடும் மூச்சுத்திணறலை உண்டாக்கும்; அவர்களுக்குச் சதையும் விரைவில் திரும்பும். என் தங்கைக்கு அப்படித்தான். 2019இல் அமெரிக்காவில் மூக்குச் சதைக்கு ஒப்புதல் பெற்ற, அழற்சியை அடக்கும் டுபிலுமாப் ஊசியைப் பற்றி மருத்துவர் சொன்னார். ஆனால் விலை நம்மைப் போன்றோர்க்கு எட்டாது.

கேட்டவர்:
ஆஸ்துமா உண்டு, அம்மா. தலைவலிக்கு மாத்திரை போட்ட இரவுகளில் இளைப்பு வந்ததை இப்போதுதான் இணைத்துப் பார்க்கிறேன். ஸ்டான்லி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.