சட்டமன்றம் வேண்டாம் என்றாலும் மாநிலத்தைப் பிரிக்கலாமா?

வரப்பு:
2014 ஜனவரி 30 அன்று ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் தெலங்கானா மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. பிப்ரவரி 18 அன்று மக்களவை கதவைச் சாத்திக்கொண்டு அதை நிறைவேற்றியது. நேரடி ஒளிபரப்பும் நின்றுபோயிருந்தது. மாநிலங்களைப் பிரிக்கவும் எல்லைகளை மாற்றவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 3ஆவது பிரிவு சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது, கேட்டபடி நடக்கச் சொல்லவில்லை. பெண் மறுத்த பிறகும் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு என்ன பெயர்?

காவிரிக்கரை:
அந்தச் சட்டமன்றத்தில் மொத்தம் 294 இடங்கள். தெலங்கானாவுக்கு 119. மீதி 175 பேர் சம்மதித்தால்தான் பிரியலாம் என்றால் கடைசிவரை பிரியவே முடியாது. உங்கள் உவமையில் பெண் யார் என்பதையே மாற்றிப் பார்க்க வேண்டும், ஐயா.

வரப்பு:
சரி, தெலங்கானாவை விடுங்கள். 1956இல் பம்பாய் மாநிலத்தை மூன்றாகப் பிரிக்கும் மசோதாவைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். பிறகு நாடாளுமன்றம் அதை ஒரே பெரிய மாநிலமாக மாற்றிவிட்டது. மறுபடி கேட்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் சாதாரணப் பெரும்பான்மை போதும். இது அரசியலமைப்புத் திருத்தமே அல்ல என்கிறது 4ஆவது பிரிவு!

திருத்தணிக்காரன்:
எங்கள் வீட்டுப் பழைய பத்திரத்தில் ‘சித்தூர் ஜில்லா’ என்றிருக்கிறது. 1960 ஏப்ரல் 1 முதல் நாங்கள் சென்னை மாநிலம். வீடும் கிணறும் இருந்த இடத்தில்தான் இருந்தன. எங்களுக்கு அந்த 3ஆவது பிரிவு நல்லதே செய்தது.

வரப்பு:
எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையை ஆந்திரா, சென்னை இரண்டு அரசுகளும் ஏற்றதால் வந்தது உங்கள் திருத்தணி. சம்மதம் வேண்டும் என்றுதானே நானும் சொல்கிறேன்? 2019இல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றமே கலைக்கப்பட்டிருந்தது. அதன் சார்பில் நாடாளுமன்றமே கருத்துச் சொல்லி, நாடாளுமன்றமே பிரித்தது.

காவிரிக்கரை:
அதை நானும் நியாயப்படுத்த மாட்டேன். முழு மாநிலத்தை ஒன்றியப் பகுதியாக மாற்றலாமா என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பும் முடிவு சொல்லாமலே விட்டது. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கச் சட்டமன்றம் இல்லாதபோது பிரிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சட்டமன்றத்துக்குத் தடுக்கும் அதிகாரம் எதற்கு?

வரப்பு:
அந்த ஒரு வரியை யார் சேர்ப்பார்கள்? அதே நாடாளுமன்றம்தானே!

திருத்தணிக்காரன்:
நீங்கள் இருவரும் முடிப்பதற்குள் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பத்திரம் தெலுங்கில் இருக்கிறது. வாசித்துச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா?