ஹியூமரஸில் ஒரு முள்: இயல்பா, கட்டியா? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். முதலாண்டு பிசியோதெரபி வகுப்புக்கான எலும்புப் பெட்டியில் ஒரு ஹியூமரஸ் (மேற்கை எலும்பு) இருக்கிறது. தோள்பக்கத் தலை, அதன் கீழுள்ள சர்ஜிகல் நெக் என்ற கழுத்துப் பகுதியோடு போய்விட்டது. இடதா வலதா என்று பார்க்க அது தேவையில்லை: ஒலிக்ரனான் குழி (முழங்கைப் பக்கப் பள்ளம்) பின்னால், துருத்திய மீடியல் எபிகான்டைல் (முழங்கையின் உட்பக்க எலும்பு முனை) உடல் பக்கம் என்று பிடித்தால் இடது கை எலும்பு.

சிக்கல் வேறு. மீடியல் எபிகான்டைலுக்கு 5 செ.மீ. மேலே, முன்-உட்புறத்தில் முள் மாதிரி ஒரு புடைப்பு. அடி அகலம், நுனி முறிந்திருக்கிறது. இடத்தைப் பார்த்தால் சுப்ராகான்டைலர் பிராசஸ்தான் (சிலருக்கு இயல்பாகவே இருக்கும் எலும்பு முள்). அதன் நுனி முழங்கையை நோக்கிச் சாயும்; ஆஸ்டியோகாண்ட்ரோமா (குருத்தெலும்பு மூடிய எலும்புக் கட்டி) என்றால் மூட்டை விட்டு விலகி மேல்நோக்கும். நுனியே இல்லாததால் திசை தெரியவில்லை. மேலோட்டமாகப் பார்த்துச் சொல்லிவிடவும் முடியாது. உயிருள்ள கையில் இந்த முள்ளிலிருந்து எபிகான்டைலுக்கு ஒரு தசைநார் ஓடினால், அதன் அடியில் கைக்குப் போகும் மீடியன் நரம்பு நசுங்கலாம். இந்தப் பாடமே அதற்குத்தான்.

எக்ஸ்ரே எடுக்கலாம் என்று யோசனை. கட்டியானால் மஜ்ஜை உள்ளறை முள்ளுக்குள்ளும் தொடரும். பிராசஸ் என்றால் அடியில் கார்டெக்ஸ் (எலும்பின் கெட்டியான வெளிச்சுவர்) அறுபடாமல் இருக்கும். சதை இல்லாத உலர் எலும்புக்கு வழக்கமான அளவு வைத்தால் படம் கருத்துவிடும். எத்தனை கேவி (கதிரின் ஊடுருவும் திறன்), எம்ஏஎஸ் (கதிரின் அளவு) வைப்பீர்கள்? பக்கவாட்டுப் படம் போதுமா, முள் விளிம்பில் தெரியச் சாய்த்தும் எடுக்கணுமா?

இன்னொன்று: ஒலிக்ரனான் குழியின் அடித்தகட்டில் ஓட்டை. விளிம்பு வழவழப்பு, அதனால் பின்னால் உடைந்ததல்ல, இயல்பாக உண்டான ஓட்டை என்றே எழுதியிருக்கிறோம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.